சொந்தமாக மவுண்டன் பைக் தடம் வெட்டுவது: வாட்டம், வளைவு, தண்ணீர்

மவுண்டன் பைக் தடம் வெட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு விடுமுறை நாள் காலையில் மண்வெட்டியோடு சரிவில் இறங்கிவிடுகிறார்கள். மதியத்துக்குள் ஐம்பது மீட்டர் தயாராகிவிடும், மாலையில் ஓட்டியும் பார்த்துவிடலாம். நான்கு மழை கழித்து அதே இடத்துக்குப் போனால் தடத்தின் நடுவே ஒரு சாண் ஆழத்துக்கு ஓடை விழுந்திருக்கும். வேர்கள் வெளியே தெரியும். வளைவுக்கு முன்னால் துணி துவைக்கிற கல் மாதிரி வரிவரியாக மேடு எழும்பியிருக்கும். அந்த ஐம்பது மீட்டரைக் கெடுப்பவை இரண்டு: ஓடுகிற தண்ணீர், பிடிக்கிற பிரேக். இரண்டையும் கோடு போடும்போதே சரிசெய்துவிடலாம். வெட்டி முடித்த பிறகு சரிசெய்ய வேண்டுமென்றால் பத்து மடங்கு உழைப்பு.

அதற்கும் முந்தைய வேலை ஒன்று உண்டு. நிலத்தின் உரிமையாளரிடம், பொதுநிலம் என்றால் அதைப் பராமரிக்கிற துறையிடம், எழுத்தில் அனுமதி வாங்குங்கள். யார் பராமரிப்பது, யாராவது விழுந்து அடிபட்டால் பொறுப்பு யாருடையது, எந்த மரங்களைத் தொடக்கூடாது, எந்த மாதங்களில் பறவைகள் கூடு கட்டுகின்றன, நிலத்தடியில் குழாயோ கேபிளோ போகிறதா என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். கேட்காமல் வெட்டிய தடத்தை ஒரே நாளில் மூடிவிடுவார்கள். பிறகு முறையாகக் கேட்க வருகிறவர்களுக்கும் அங்கே கதவு திறக்காது.

கோடு போடுவது

சரிவை எல்லா இடத்திலும் சதவீதத்தில் பேசிக்கொள்வது வசதி. 10 மீட்டர் போகும்போது 1 மீட்டர் ஏறினால் 10 சதவீதம். டிகிரியில் அது ஆறுக்குச் சற்றுக் குறைவு. அளக்க கிளைனோமீட்டர் இருந்தால் நல்லது. போனில் இருக்கும் சாய்வு அளக்கும் செயலியும் ஓரளவு உதவும். எதுவும் இல்லாவிட்டால் 1 மீட்டர் நீளப் பலகையும் ஒரு ரசமட்டமும் போதும். பலகையின் கீழ்முனைக்கு அடியில் 10 செ.மீ. கட்டையை வையுங்கள். குமிழி நடுவில் நின்றால் அந்த இடத்தின் சரிவு 10 சதவீதம். 5, 7, 15 செ.மீ. உயரத்தில் சில கட்டைகளை வெட்டி வைத்துக்கொண்டால் நாள் முழுக்க வேறு கருவியே தேவைப்படாது.

தண்ணீர் ஓடுகிற திசையிலேயே தடம் இறங்கினால் அந்தத் தடம்தான் அடுத்த மழையில் வாய்க்கால். ஒருமுறை உள்ளே வந்த தண்ணீருக்கு வெளியே போக வழி இருக்காது, போகப் போக வேகம் கூடும், மண்ணை அள்ளிக்கொண்டு போகும். எனவே தடம் சரிவைக் குறுக்காக வெட்டிக்கொண்டு போக வேண்டும். எவ்வளவு குறுக்காக என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1988ல் தொடங்கப்பட்ட இம்பா என்ற சர்வதேச மவுண்டன் பைக் சங்கம் இதைப் பரவலாகச் சொல்லிக்கொடுத்தது. தடத்தின் சரிவு, அந்த இடத்து மலைச்சரிவில் பாதியைத் தாண்டக்கூடாது. மலைச்சரிவு 30 சதவீதம் என்றால் தடம் 15 வரை போகலாம். மலைச்சரிவு 12 என்றால் தடம் 6க்குள் நிற்க வேண்டும். பாதியைத் தாண்டினால், குறுக்கே கடந்து போக வேண்டிய தண்ணீர் தடத்தோடு சேர்ந்து ஓடத் தொடங்கும்.

பாதி கணக்கு பொருந்திவிட்டது என்பதற்காக, செங்குத்தான மலையில் 30 சதவீதத் தடம் போட்டுவிட முடியாது. முழுத் தடத்தின் சராசரி 10 சதவீதத்துக்குள் இருக்கட்டும். நடுவில் சில மீட்டருக்கு 15 வரலாம். பாறை மேல் அதற்கும் கூடுதலாக வரலாம், ஏனென்றால் பாறை கரையாது. 40 மீட்டர் உயரத்திலிருந்து 7 சதவீதச் சராசரியில் இறங்க 570 மீட்டர் நீளம் வேண்டும். கையில் இருக்கும் நிலத்தில் அத்தனை நீளம் மடங்குமா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள். மடங்காத இடத்தில் உயரத்தைக் குறைத்துக்கொள்வதுதான் வழி. சரிவைக் கூட்டினால் தடம் நிற்காது.

சமதளத்தில் வெட்டுவது சுலபம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் சமதளம்தான் அதிகம் தொல்லை தருகிற இடம். அங்கே தண்ணீரை எந்தப் பக்கம் தள்ளினாலும் போகாது. டயர் அழுத்தி அழுத்தித் தடம் இரண்டு விரல் தாழ்ந்தாலே குட்டை கட்டும். குட்டையை ஒதுங்கிப் போகிறவர்கள் பக்கவாட்டில் மிதித்து மிதித்துத் தடத்தை மூன்று மீட்டர் அகலமாக்கிவிடுவார்கள். தேர்வு செய்ய வாய்ப்பிருந்தால் 20 முதல் 50 சதவீதம் வரை பக்கச்சரிவு உள்ள நிலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது இடைமேடு. இறங்கிக்கொண்டே போகிற தடம் நடுவில் சற்று ஏறி மறுபடி இறங்க வேண்டும். ஆறு முதல் பதினைந்து மீட்டருக்கு ஒருமுறை இப்படி ஒன்று தேவை. சரிவு கூடினாலோ மண் இளகியதாக இருந்தாலோ இன்னும் நெருக்கமாக. ஏற்றம் மூன்று நான்கு மீட்டர் நீளத்தில் 30 முதல் 40 செ.மீ. இருந்தால் போதும். அதன் அடிப்பள்ளத்துக்கு வருகிற தண்ணீரால் மேலேறிப் போக முடியாது, பக்கவாட்டில் வெளியேறியே தீரும். ஓட்டுகிறவருக்கு அது உடம்பை அழுத்தி வேகம் எடுக்கிற இடம். தடம் வெட்டுவதில் இவ்வளவு குறைந்த உழைப்பில் இவ்வளவு பலன் தருவது வேறு எதுவும் இல்லை. இதை மண் கொட்டி மேடாக்கிச் செய்யக்கூடாது. கோட்டையே அப்படி வளைக்க வேண்டும். பெரிய மரம் ஒன்று எதிரில் வந்தால் அதன் மேற்பக்கமாகச் சற்று ஏறிச் சுற்றிப் போனால் இடைமேடு தானாக அமையும்.

மழைநீர் ஓடுகிற பழைய ஓடையைக் கடக்கும்போதும் இதே யோசனைதான். ஓடைக்குள் இறங்கி, மறுகரையில் ஏறுங்கள். ஒரு பக்கம் இறங்கி மறுபக்கமும் இறங்கிக்கொண்டே போனால் பெருமழையன்று ஓடை தன் வழியை விட்டு உங்கள் தடத்தில் திரும்பிவிடும். அப்படி ஒரு நாள் நடந்தால் மொத்தத் தடத்தையும் மறந்துவிட வேண்டியதுதான்.

கோட்டை நிலத்தில் குறிக்க வண்ண நாடாவும் முளைக்குச்சியும். முதலில் போய்ச் சேர வேண்டிய இடங்களையும் (நல்ல பாறை, காட்சி தெரிகிற முனை, திரும்புவதற்கு ஏற்ற மேடை) ஒதுங்க வேண்டிய இடங்களையும் (சதுப்பு, கூடு, வேலி, அரிப்பு விழுந்த பழைய பாதை) குறித்துக்கொண்டு, பிறகு இடையே கோட்டை இழுங்கள். மூன்று மீட்டருக்கு ஒரு குச்சி. குச்சி தடத்தின் நடுக்கோடா, கீழ் விளிம்பா என்பதை எல்லோரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு கணக்கில் வெட்டினால் தடம் கோணலாகும். இரண்டு திசையிலும் நடந்து பாருங்கள். மழை பெய்யும்போது ஒருமுறை நடந்து பாருங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடி வந்தால் குறைந்தது பத்துக் குச்சிகளையாவது இடம் மாற்றத் தோன்றும். தயங்காமல் மாற்றுங்கள், குச்சியைப் பிடுங்கி நட ஒரு நிமிடம் போதும்.

வெட்டுவது

செடி கொடியை 1.2 முதல் 1.5 மீட்டர் அகலத்துக்கும் 2.5 மீட்டர் உயரத்துக்கும் ஒதுக்கினால் போதும். கிளையை வெட்டினால் தண்டை ஒட்டி, அதன் கழுத்துப் பகுதியைக் காயப்படுத்தாமல் வெட்டுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் முனை, விழுகிறவர் உடம்பில் குத்தும். இளஞ்செடிகளைத் தரையோடு வெட்டாதீர்கள். இடுப்பளவு தண்டை விட்டு வெட்டினால், சுற்றிலும் வேரைத் தளர்த்தியபின் அந்தத் தண்டையே நெம்புகோலாகப் பிடித்து ஆட்டி வேரோடு எடுத்துவிடலாம். தரைமட்டத்தில் வெட்டிய கட்டை ஒரு வருடத்தில் மண் இறங்கிப் பெடலில் இடிக்கும்.

இப்போது மண். மேலே இலைச்சருகு, அதன் கீழே கருப்பாக, பஞ்சு போல, சிறு வேர்கள் பின்னிய மக்கு மண். அதற்கும் கீழே நிறம் மாறி, விரலால் அழுத்தினால் இறுக்கமாக இருக்கும் கனிம மண். தடம் ஓட வேண்டியது இந்தக் கடைசி அடுக்கின் மேல்தான். மக்கு மண் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், மக்கி இறங்கும், ஒரு மழைக்காலத்தில் சேறாகும். அதை எவ்வளவு ஆழமானாலும் சுரண்டி எடுத்துத் தனியாகக் குவித்து வையுங்கள், பிறகு தேவைப்படும்.

சரிவில் தடத்தின் முழு அகலத்தையும் மலையைக் குடைந்தே எடுக்க வேண்டும். பாதியை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கொட்டி மீதிப் பாதியை நிரப்புவது உழைப்பை மிச்சப்படுத்துவது போலத் தெரியும். ஆனால் கொட்டிய மண் ஒருபோதும் மலையோடு ஒட்டாது. டயர் அந்த விளிம்பில் ஏறிய அன்றைக்குச் சரிந்து போகும்.

உழைப்பு எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். 30 சதவீதச் சரிவில் 90 செ.மீ. அகலத்துக்கு முழுவதும் குடைந்து, மலைப்பக்கம் வெட்டி நிற்கும் பின்சுவரையும் சாய்த்து விட்டால், 10 மீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 1.4 கன மீட்டர் மண் வெளியே வரும். எடையில் சுமார் இரண்டு டன். அனுபவமுள்ள ஒருவர் நல்ல மண்ணில் ஒரு முழு நாளில் கையால் செய்யக்கூடிய வேலை ஏறக்குறைய இவ்வளவுதான். கல்லும் வேரும் மிகுந்தால் அதில் பாதிகூட ஆகாது. 500 மீட்டர் தடம் என்றால் எத்தனை ஆள் வேலை என்று கணக்குப் போட்டுவிட்டு நண்பர்களைக் கூப்பிடுங்கள்.

கருவிகள் சாதாரணமானவை: அகலமான மண்வெட்டி, ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் தட்டையாகவும் உள்ள குந்தாலி, கடப்பாரை, இரும்பு வாரி, கைரம்பம், கிளை வெட்டும் கத்தரி, திமிசுக்கட்டை. ஆளுக்கு ஆள் மூன்று மீட்டர் இடைவெளி. குந்தாலி ஓங்குகிறவரின் பின்னால் யாரும் நிற்கக் கூடாது.

தடத்தின் மேற்பரப்பைக் கீழ்ப்பக்கமாக 5 சதவீதம் வாட்டம் விட்டு முடியுங்கள். 90 செ.மீ. அகலத்துக்கு நான்கரை செ.மீ. தாழ்வு. கண்ணை மட்டும் நம்பாதீர்கள், மலைச்சரிவில் நிற்கும்போது கண் ஏமாறும். ஒரு வாளித் தண்ணீரைப் பின்சுவர் ஓரமாக மெதுவாக ஊற்றிப் பாருங்கள். குறுக்கே கடந்து கீழே போய்விட்டால் வேலை முடிந்தது. தடத்தோடு இரண்டு மீட்டருக்கு மேல் ஓடினால் இன்னும் சுரண்ட வேண்டும். பின்சுவரைச் செங்குத்தாக விடாதீர்கள். 45 டிகிரிக்குச் சாய்த்தால்தான் இடிந்து விழாமல் புல் பிடிக்கும். தோண்டிய மண்ணைத் தடத்தின் கீழ் விளிம்பில் குவித்தால் அது வரப்பாகி நீங்கள் விட்ட வாட்டத்தையெல்லாம் வீணாக்கும். மண்வெட்டியால் வீசித் தூரமாக, மெல்லியதாகப் பரப்புங்கள்.

மண்ணின் குணத்தை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் அறியலாம். மூன்றில் ஒரு பங்கு மண், மீதி தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில், களி ஒரு நாளுக்கு மேல் கலங்கலாக நின்று படியும். மணலும் களியும் கலந்த மண் தடத்துக்கு அருமையானது. மணல் மிகுந்தால் சரிவைக் குறையுங்கள். களி மிகுந்தால் இடைமேடுகளை நெருக்குங்கள்.

வளைவு

தடம் திசை திரும்புகிற இடங்களில்தான் திறமை வெளிப்படும், தவறுகளும் அங்கேதான் அதிகம். பக்கச்சரிவு 10 சதவீதத்துக்குள் இருக்கிற மென்மையான இடத்தில் அகலமாக வளைத்துத் திருப்பினாலே போதும். அதற்கு மேல் சரிவு கூடினால், திரும்பும் நடுவில் தடம் சில மீட்டர் நேராக மலையிறங்க வேண்டியிருக்கும். அங்கே அரிப்பு நிச்சயம். அத்தகைய இடத்தில் ஒரு மேடை வெட்டி, கீழ்ப்பக்கம் கல்லடுக்கித் தாங்க வைத்துத் திருப்ப வேண்டும். அதனால்தான் இயற்கையான மேடைகளைக் கோடு போடும்போதே தேடிக் குறிக்கச் சொன்னது.

வேகமாகத் திரும்ப வேண்டுமானால் வெளிப்பக்கம் சாய்சுவர் எழுப்புகிறோம், பெர்ம் என்பார்கள். எவ்வளவு சாய்வு என்பதற்குத் தெளிவான கணக்கு உண்டு. வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை வளைவின் ஆரத்தாலும் 9.8ஆலும் வகுத்தால் வருவது, சுவரின் உயரத்துக்கும் அடி அகலத்துக்கும் உள்ள விகிதம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 4 மீட்டர் ஆரமுள்ள வளைவுக்கு, அந்த விகிதத்தைக் கோணமாக மாற்றினால், 38 டிகிரி வருகிறது. அதே வளைவுக்கு 25 கி.மீ. வேகத்தில் வந்தால் 51 டிகிரி. ஐந்து கி.மீ. கூடியதற்கு இவ்வளவு வித்தியாசம். ஆரத்தை 6 மீட்டராக்கினால் அதே 25 கி.மீ.க்கு 39 டிகிரி போதும். டயரின் பிடிப்பும் உதவுவதால் கணக்கில் வருவதைவிடச் சற்றுக் குறைவாகக் கட்டலாம். இறுக்கமான வளைவில் உயரமான சுவர் எழுப்புவதைவிட வளைவையே அகலமாக்குவது எப்போதும் மேல். மண்ணும் மிச்சம், ஓட்டவும் சுகம்.

நடுவில் ஒரு முளை அடித்து, ஆரத்தின் நீளத்துக்குக் கயிறு கட்டி, வளைவைத் தரையில் கீறுங்கள். சுவரின் அடியில் உள்ள மக்கு மண்ணை எடுத்துவிட்டுக் கனிம மண்ணின் மேல் கட்டுங்கள். உள்ளே நிரப்பக் கல் போடலாம். மரத்துண்டு போடவே கூடாது. மண் மிச்சமாகிறது என்று பலர் போடுகிறார்கள். மரம் மக்கி உள்ளே பொந்து விழும், ஒருநாள் சக்கரம் உள்ளே இறங்கும். மண்ணை 10 முதல் 15 செ.மீ. அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிய பிறகே அடுத்தது. முப்பது செ.மீ. மொத்தமாகக் கொட்டி மேலே இடித்தால் மேல் நான்கு விரல்தான் இறுகும்.

ஈரம் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் காய்ந்திருக்கிறது, தண்ணீர் தெளியுங்கள். விரலிடுக்கில் ஈரம் கசிந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்துங்கள். உருண்டையாக நின்று, கட்டைவிரலால் அழுத்தினால் இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் அதுதான் இடிக்க வேண்டிய பதம்.

பெர்ம் தண்ணீருக்கு அணையாகவும் நிற்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். வளைவுக்குள் நுழைவதற்கு முன் ஒரு இடைமேடு வைத்து மேலிருந்து வருகிற தண்ணீரை அங்கேயே வெளியேற்றுங்கள். வளைவுக்குள் விழுகிற மழை உட்பக்கத்தில் சேரும். வெளியேறும் முனைக்குச் சற்றுக் கீழே அதற்கு ஒரு வாய் விடுங்கள்.

இனி பிரேக். வேகமாக வந்து திடீரென்று பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சிறு மேடுகளில் துள்ளித் துள்ளி மண்ணை இழுக்கும். அந்தத் துள்ளல் விழுகிற இடத்திலேயே அடுத்தவரின் சக்கரமும் விழ, பள்ளங்கள் வரிவரியாக ஆழமாகும். எத்தனை முறை நிரவினாலும் மாதத்துக்குள் திரும்ப வரும். 1976ல் கலிஃபோர்னியாவின் மரின் வட்டாரத்தில் பழைய கனத்த சைக்கிள்களில் நடந்த ரீபேக் பந்தயம் அந்தப் பெயர் பெற்றதே பிரேக்கால்தான். இறக்கத்தில் பின்சக்கர பிரேக் சூடேறி உள்ளிருந்த கிரீஸ் எரிந்துவிட, ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் புதிதாகக் கிரீஸ் அடைக்க, அதாவது ரீபேக் செய்ய, வேண்டியிருந்தது. நேராக நீண்டு இறங்கி, முடிவில் இறுக்கமாகத் திரும்பும் கோடு எப்போதும் பிரேக்கைக் கேட்கும். வளைவுக்கு முன்னால் ஐந்தாறு மீட்டர் சற்றே ஏற விட்டால் வேகம் தானாகக் குறையும். திரும்புவது தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிய, உட்பக்கப் புதரை ஒதுக்கி வையுங்கள்.

குதிக்கிற மேடுகளைப் பற்றிச் சுருக்கமாக. தொடர் மேடுகள் என்றால் உயரத்தைப் போலப் பத்து மடங்கு இடைவெளி: 40 செ.மீ. உயரத்துக்கு உச்சியிலிருந்து உச்சிக்கு 4 மீட்டர். தாவுகிற மேடு என்றால் நடுப்பகுதியை நிரப்பிய மேசை மாதிரியே கட்டுங்கள், குதிக்காதவரும் உருண்டு போய்விடலாம். இடைவெளி விட்ட தாவல்களை ஒதுக்குத் தடத்தில் மட்டும் வையுங்கள். பொதுத் தடத்தில் தெரியாமல் வருகிறவர் எலும்பை உடைத்துக்கொள்வார்.

எப்போதும் ஈரமாக இருக்கும் ஊற்றுப் பகுதியைச் சுற்றிப் போக முடியாவிட்டால் கல் பாவுங்கள். கல்லைத் தட்டையாகப் படுக்க வைப்பது பலரும் செய்யும் தவறு. நீளமான கல்லைச் செங்குத்தாக, மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் இறங்கும்படி, புத்தக அலமாரியில் புத்தகம் அடுக்குவது போல நெருக்கி நடுங்கள். சரிவின் அடியிலிருந்து தொடங்கி மேலே போக வேண்டும், முதல் கல்லே மிகப் பெரியதாக இருக்கட்டும். இடுக்குகளில் சிறு கல்லைச் சுத்தியலால் அடித்து இறுக்குங்கள். ஏறி நின்று ஆட்டிப் பார்த்து ஒரு கல் அசைந்தால் அதைப் பிடுங்கித் திரும்ப நடுங்கள்.

திறந்த பிறகு

வெட்டிய உடனே எல்லோரையும் விடாதீர்கள். இரண்டு மிதமான மழை பெய்து காயட்டும், முதலில் சிலர் மட்டும் பிரேக்கை அதிகம் பிடிக்காமல் ஓட்டி மண்ணை அமுக்கட்டும். முதல் நல்ல மழையின்போது கையில் மண்வெட்டியோடு தடத்தை நடந்து பாருங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது, எங்கே தடத்தோடு ஓடுகிறது என்பது அப்போதுதான் பளிச்சென்று தெரியும். நிற்கிற இடத்தில், தடத்தின் கீழ் விளிம்பிலிருந்து அரைவட்டமாக, மூன்று மீட்டர் நீளத்துக்கு, வெளிப்பக்கம் 15 சதவீதம் சாயும்படி சுரண்டினால் குட்டை வடிந்துவிடும். சிறு கால்வாய் கீறி விட்டால் அடுத்த வாரமே இலை அடைத்துக்கொள்ளும். அகலமாகச் சுரண்டுவதுதான் நிற்கும்.

பிறகு வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும், முழுவதும் நடந்து பாருங்கள். ஓட்ட ஓட்டத் தடம் நடுவில் தாழ்ந்து கிண்ணம் போலாகும், கீழ் விளிம்பில் வரப்பு எழும்பும். அந்த வரப்பை வெட்டி எறிவதுதான் பராமரிப்பில் பாதி வேலை. மீதிப் பாதி இடைமேட்டுப் பள்ளங்களில் சேர்ந்த சருகையும் வண்டலையும் வாரி எடுப்பது. ஈரத்தில் டயர் ஒரு விரல் ஆழத்துக்குப் பதிந்தால் அன்றைக்கு யாரும் ஓட்டக்கூடாது என்று நுழைவிடத்தில் எழுதி வையுங்கள்.

கோடு தவறிப்போன ஒரு பகுதியை மாற்றி வெட்டினால், பழையதை அப்படியே விட்டுவிடாதீர்கள். இறுகிய தரையை ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறுங்கள். தண்ணீர் ஓடாதபடி சில மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே கட்டைகளைப் பாதி புதைத்து வையுங்கள். எடுத்து வைத்திருந்த மக்கு மண்ணையும் சருகையும் மேலே பரப்புங்கள். அதிலிருக்கும் விதைகள் முளைக்கும். இரண்டு முனைகளிலும், புதிய தடத்திலிருந்து கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை, கிளைகளையும் கல்லையும் நெருக்கமாகப் போட்டுச் செடி நடுங்கள். பழைய கோடு கண்ணில் பட்டால் யாராவது ஒருவர் அதில் நுழைவார், அடுத்தவரும் அவர் டயர் தடத்தைப் பார்த்து அதிலேயே போவார்.